கதைக்குக் கீழே ‘நீதி’ எதற்கு?

சின்ன வயசுல நாம படிச்ச கதைப் புத்தகம் எதை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. கதை முடிஞ்சதும் கொஞ்சம் இடம் விட்டு, தடித்த எழுத்துல ஒரு வரி இருக்கும். ‘நீதி:’ என்று ஆரம்பிக்கும். இங்கிலீஷ் புத்தகமா இருந்தா ‘மாரல் ஆஃப் தி ஸ்டோரி’. பொய் சொல்லக் கூடாது. பேராசை பெருநஷ்டம். ஒற்றுமையே பலம். அவ்வளவுதான், புத்தகத்தை மூடி வைக்கலாம்.

இதே மாதிரி ஒரு வரியை காலேஜுக்கு வந்த பிறகும் பார்க்கிறோம், லேப் ரெக்கார்டில். நோக்கம், கருவிகள், செய்முறை எல்லாம் எழுதி, கடைசியில் ‘ரிசல்ட்’ என்று ஒரு வரி. பரிசோதனை வெற்றிகரமாகச் சரிபார்க்கப்பட்டது என்று அதில் இருக்கும். பல பேர் ரெக்கார்டில் அந்த வரி, லேபுக்குள்ள காலெடுத்து வைக்கிறதுக்கு முன்னாடியே எழுதப்பட்டிருக்கும். எதைச் சரிபார்த்தோம் என்று வைவாவில் கேட்டால்தான் சிக்கல்.

குழந்தைக் கதையின் நீதி வரியும் இதே ரகம்தான். குழந்தை யோசிக்கிறதுக்கு முன்னாடியே ரிசல்ட் அச்சாகி வந்துடுது.

நல்ல புத்தகம் குழந்தையோட குணத்தையும் அறிவையும் வளர்க்கும் என்று எல்லாரும் சொல்றாங்க. நானும் அதை நம்புறேன். ஆனா அந்த வேலையைச் செய்யறது கதையும், கதையைச் சுத்தி நடக்கிற பேச்சும்தான். நீதி வரி அந்த வேலையைச் செய்யறதில்லை. சொல்லப்போனா, நடுவுல புகுந்து கெடுக்குது.

“இருபத்தொரு வயசுல இதெல்லாம் நமக்கு எதுக்கு ப்ரோ, ப்ளேஸ்மென்ட் சீசன் நடக்குது” என்று கேட்கலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க. வீட்டுல படிச்ச பிள்ளை என்று நமக்குத்தான் பேர். அக்கா பையனுக்கு, சித்தி பொண்ணுக்கு, பக்கத்து வீட்டுக் குட்டிக்கு ‘என்ன புக் வாங்கலாம்’ என்று நம்மகிட்டதான் கேட்கிறாங்க. என்.எஸ்.எஸ். கேம்ப் போனா அரசுப் பள்ளிப் பிள்ளைங்க முன்னாடி நிக்கிறதும் நாமதான். இன்னும் சில வருஷத்துல நம்ம சம்பளத்துல புத்தகம் வாங்கப் போறதும் நாமதான்.

பரிசோதனை என்ன சொல்லுது?

நாம என்ஜினியரிங் பசங்க, டேட்டா கேட்போம். இருக்கு.

டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காங் லீ என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 2014ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 3 முதல் 7 வயதுக் குழந்தைகள். ஒரு பொம்மையை குழந்தைக்குப் பின்னாடி வெச்சு, அது எழுப்புற சத்தத்தை மட்டும் கேட்டு என்ன பொம்மைன்னு கண்டுபிடிக்கணும். “திரும்பிப் பார்க்கக் கூடாது” என்று சொல்லிட்டு பெரியவர் வெளியே போயிடுவார். குழந்தை திரும்பிப் பார்க்குமா பார்க்காதா? நமக்கே தெரியும். பிறகு அவர் வந்து ஒரு கதை படிச்சுக் காட்டுவார். கதை முடிஞ்சதும், “நீ திரும்பிப் பார்த்தியா?” என்று கேட்பார்.

படிச்ச கதைகள்ல ஒண்ணு, ஓநாய் வருதுன்னு பொய்யா கத்தின பையன் கதை. நம்ம ஊர்ல அது ‘புலி வருது’. இன்னொண்ணு பினோக்கியோ, பொய் சொன்னா மூக்கு நீளும். மூணாவது, ஜார்ஜ் வாஷிங்டன் சிறுவனா இருந்தப்போ அப்பாவோட செர்ரி மரத்தை வெட்டிட்டு உண்மையை ஒத்துக்கிட்ட கதை. இவற்றோட ஒப்பிட்டுப் பார்க்க, பொய்க்கும் உண்மைக்கும் சம்பந்தமே இல்லாத முயல், ஆமை கதை.

பொய் சொன்னா தண்டனை கிடைக்கும் என்று பயமுறுத்துற முதல் ரெண்டு கதையும், முயல் ஆமை கதையை விட எந்த வகையிலும் கூடுதலா வேலை செய்யலை. வாஷிங்டன் கதையைக் கேட்ட குழந்தைகள்தான் அதிகமா உண்மையைச் சொன்னாங்க. ஏன்னா அந்தக் கதையில அப்பா அடிக்கலை, உண்மையைச் சொன்னதுக்காகப் பையனைப் பாராட்டறார். ஆய்வாளர்கள் இதையும் சோதிச்சாங்க. அதே கதையை மாத்தி, முடிவில் கெட்டது நடக்கிற மாதிரி சொன்னப்போ அந்த விளைவு காணாமப் போயிடுச்சு. ஆக, வேலை செஞ்சது எந்த நீதி வாசகமும் இல்லை. உண்மையைச் சொன்னா என்ன ஆகும் என்று அந்தக் குழந்தை மனசுல பார்த்த காட்சி.

இதுல ஒரு வேடிக்கை, வாஷிங்டன் மரம் வெட்டின கதையே கட்டுக்கதை. அவரோட வாழ்க்கை வரலாற்றை எழுதின மேசன் லாக் வீம்ஸ் என்பவர் பின்னால வந்த பதிப்புல சேர்த்துவிட்டது. உண்மை பேசச் சொல்ற கதை ஒரு பொய்! ஆனாலும் வேலை செய்யுது.

டொரன்டோவிலேயே இன்னொரு பரிசோதனை, 2017ல் வெளியானது. பகிர்ந்து கொடுக்கிறதைப் பத்தி ஒரே கதை, ரெண்டு வகைப் படம். ஒரு புத்தகத்துல விலங்குகள், இன்னொண்ணுல மனுஷங்க. கதை கேட்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும், ஸ்டிக்கர் கிடைக்காத வேறொரு குழந்தைக்குத் தன் ஸ்டிக்கரை எத்தனை கொடுக்கிறாங்க என்று 4 முதல் 6 வயதுக் குழந்தைகளைப் பார்த்தாங்க. மனுஷங்க இருந்த புத்தகத்தைக் கேட்டவங்க முன்னைவிட அதிகமாகக் கொடுத்தாங்க. விலங்குப் புத்தகம் கேட்டவங்க கொடுக்கிறது குறைஞ்சுது.

இதுக்காகப் பஞ்சதந்திரத்தைத் தூக்கிப் போடணும் என்று நான் சொல்லலை. இவை ஒரே ஒரு தடவை கதை படிச்சுப் பார்த்த சின்னப் பரிசோதனைகள். பஞ்சதந்திரமும் ‘நல்ல பிள்ளையா இரு’ என்று சொல்ல மட்டும் எழுதப்பட்ட புத்தகம் இல்லை. படிப்பு ஏறாத இளவரசர்களுக்கு உலக நடப்பைச் சொல்லித்தரத்தான் விஷ்ணுசர்மா அந்தக் கதைகளைச் சொன்னதாக அதுவே சொல்லுது. அதுல தந்திரக்காரங்க ஜெயிக்கிற கதைகளும் நிறைய உண்டு. அதைச் சுரண்டி, கீழே ஒரு நீதி ஒட்டினது பிறகு வந்த பழக்கம். சிங்கமும் முயலும் இருக்கட்டும், ரசிக்கட்டும். ஆனா அந்த ஒரு வரியால பிள்ளையோட குணம் மாறிடும் என்று நாம நம்பிக்கிட்டு இருக்கிறதுக்கு ஆதாரம் கம்மி.

எல்லா நீதியும் நமக்கு மனப்பாடம்

நான் படிச்ச இங்கிலீஷ் மீடியம் பள்ளியில வாரத்துக்கு ஒரு லைப்ரரி பீரியட் உண்டு. புத்தகம் கொடுப்பாங்க. அடுத்த வாரம் ஒரு நோட்டுல புத்தகத்தோட பேர், எழுதினவர் பேர், கதைச் சுருக்கம், மாரல் எழுதிக் காட்டணும். அதனால வகுப்புல எல்லாரும் என்ன செய்வாங்க? மெலிசான புத்தகமா, கடைசிப் பக்கத்துல மாரல் அச்சடிச்சதா பார்த்து எடுப்பாங்க. மாரல் இல்லாத தடிப் புத்தகம் அலமாரியிலேயே இருக்கும். நல்ல புத்தகத்தை எப்படித் தவிர்க்கிறது என்று ஒரு வகுப்புக்கே சொல்லிக் கொடுத்த முறை அது.

அதோட விளைவை இப்போ பார்க்கிறோம். நமக்கு எல்லா நீதியும் தெரியும். ‘ப்ரொஃபஷனல் எதிக்ஸ்’ என்று ஒரு பாடமே இருக்கு, அதுல நல்ல மார்க்கும் வருது. அந்த எதிக்ஸ் பரீட்சைக்கே பிட் கொண்டு போன ஆளைப் பத்தின கதை எல்லா ஹாஸ்டல்லயும் ஒண்ணு இருக்கும். சரியான பதில் தெரியறதுக்கும் சரியா நடந்துக்கறதுக்கும் நடுவுல ஒரு பெரிய இடைவெளி இருக்கு. இன்னொருத்தரோட இடத்துல நின்னு பார்க்கிற பழக்கம்தான் அந்த இடைவெளியைக் குறைக்கும். கதையால அந்தப் பழக்கத்தைத் தர முடியும். ஒரு வரி வாசகத்தால முடியாது.

என் சித்தி பொண்ணு ரெண்டாவது படிக்கிறா. ‘புலி வருது’ கதையை ஸ்கூல்ல இங்கிலீஷ்ல நடத்தியிருக்காங்க. என்ன கதைன்னு கேட்டேன். பொய் சொல்லக் கூடாது என்ற மாரலை அட்சரம் பிசகாம இங்கிலீஷ்ல ஒப்பிச்சா. சரி, தமிழ்ல கதையைச் சொல்லு என்று கேட்டேன். சொன்னா. நடுவுல அவளே நிறுத்தி, “அண்ணா, அவன்கூட விளையாட யாருமே இல்லல்ல? அதான் சும்மா சும்மா கூப்பிட்டிருப்பான்” என்றாள். கொஞ்ச நேரம் கழிச்சு, “கூட ஒருத்தரை அனுப்பியிருக்கலாம்ல?” என்றாள்.

இத்தனை வருஷமா அந்தக் கதையில பொய்யன் ஒருத்தன் மட்டும்தான் நம்ம கண்ணுக்குத் தெரிஞ்சான். அவளுக்கு நாள் முழுக்க மலையில தனியா நிக்கிற ஒரு சின்னப் பையன் தெரிஞ்சான். குணம் வளர்க்கிறது என்றால் இதுதானே? இதை எந்த நோட்டுல, எந்தக் கட்டத்துல எழுதுவாங்க?

இங்கே மொழியும் ஒரு விஷயம். நான் தமிழ் வெர்சஸ் இங்கிலீஷ் சண்டைக்கு வரலை, நானே இங்கிலீஷ் மீடியம்தான். ஆனா ஏழு வயசுக் குழந்தைக்கு மனப்பாடம் பண்ணின வாக்கியத்தை எந்த மொழியிலயும் சொல்ல முடியும். எதிர்த்துக் கேள்வி கேட்கவும், ‘ஆனா’ போட்டு இழுக்கவும், சண்டை போடவும் வீட்டு மொழிதான் வேணும். நமக்கு இங்கிலீஷ்ல நல்ல கதைகள் கிடைச்சுது. அதைப் பத்தி வாதாடுற அளவுக்கு இங்கிலீஷ் அந்த வயசுல நம்மகிட்ட இல்லை. அதனால மாரலோட நிறுத்திக்கிட்டோம். இங்கிலீஷ் புத்தகமே வாங்கிக் கொடுங்க, தப்பில்லை. அதைப் பத்தின பேச்சை மட்டும் குழந்தை வீட்டுல பேசுற மொழியில வெச்சுக்கோங்க.

வேதாளம் செய்தது என்ன?

“நீதி சொல்றது நம்ம மரபு, ஔவையார் காலத்துலேர்ந்து இருக்கு” என்று ஒரு வாதம் வரும். நியாயமான வாதம். ஆனா ஆத்திசூடி கதை இல்லை. நான் அறிவுரை என்று சொல்லிக்கிட்டே வர்ற ஒரு வரி. சின்ன வயசுல மனப்பாடம் பண்ணி, வாழ்க்கையில அடிபட்டு மெதுவா அர்த்தம் புரிஞ்சுக்கிறதுக்காக இருக்கு. அது அதோட வேலையைச் செய்யட்டும். கதையை ஏன் ஆத்திசூடியா மாத்தணும்?

கதைக்கு வேற ஒரு மரபும் நம்மகிட்ட இருக்கு. அதைத்தான் நாம மறந்துட்டோம். விக்கிரமாதித்தன், வேதாளம்.

1947ல் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கின அம்புலிமாமாவை நம்ம வீட்டுப் பெரியவங்க கிட்ட சொல்லிப் பாருங்க. ஓவியர் சங்கர் வரைஞ்ச அந்தப் படம் உடனே ஞாபகம் வரும். ஒரு கையில வாள், தோள்ல பிணம், இருட்டுல நடந்து போற ராஜா. வேதாளம் ஒரு கதை சொல்லும். முடிவுல நீதி சொல்லாது, கேள்வி கேட்கும். பதில் தெரிஞ்சும் சொல்லாம இருந்தா தலை சுக்குநூறாயிடும். வாயைத் திறந்தா வேதாளம் பறந்து போய் மறுபடி மரத்துல தொங்கும். அடுத்த கதை ஆரம்பிக்கும்.

அதுல ஒரு கதை. ஒரு பொண்ணோட கணவனும் இன்னொருத்தனும் அம்மன் கோவில்ல தலையை வெட்டிக்கிட்டு செத்துப் போறாங்க. அவ அழுது உயிரை விடப் போறப்போ அம்மன் இரங்கி, தலையையும் உடம்பையும் சேர்த்து வை, உயிர் வரும் என்கிறாள். பதற்றத்துல அவ தலையை மாத்தி வெச்சுடறா. ரெண்டு பேரும் எழுந்துடறாங்க. இப்போ யார் அவளோட கணவன்? தலைதான் உடம்புக்குத் தலைமை, அதனால கணவனோட தலை இருக்கிறவன்தான் என்பது விக்கிரமாதித்தன் தீர்ப்பு. நம்ம வகுப்புல கேட்டா சிபியூதான் முக்கியம் என்று பாதிப் பேர், பாடி இல்லாம சிபியூ என்ன பண்ணும் என்று மீதிப் பேர். மதியம் கேன்டீன் மூடற வரைக்கும் சண்டை ஓடும். ராஜா சொன்னதையே நாமும் ஒத்துக்கணும் என்று கட்டாயம் இல்லை. ‘நான்’ என்கிறது எங்கே இருக்கு என்ற பெரிய கேள்வியை, ஒரு பத்து வயசுப் பிள்ளை தன்னோட மூளையால தொட்டுப் பார்க்கிற வாய்ப்பு அது.

நீதி சொன்னா கதை முடிஞ்சுடும். கேள்வி கேட்டா, கதை குழந்தையோட தூங்கப் போகும், மறுநாள் பஸ்ஸுலயும் கூட வரும்.

எந்தப் புத்தகம் வாங்கலாம்?

இதுலேர்ந்து எனக்குக் கிடைச்ச ஒரு எளிய அளவுகோல்: எந்தப் புத்தகத்துக்குக் கீழே ஒரே வரியில நீதி எழுத முடியலையோ, அது பெரும்பாலும் நல்ல புத்தகம்.

டோட்டோ-சானை எடுத்துக்கோங்க. ஜப்பானைச் சேர்ந்த டெட்சுகோ குரோயநாகி 1981ல் வெளியிட்ட தன் குழந்தைப் பருவக் கதை, தமிழிலும் கிடைக்குது. வகுப்பு ஜன்னல் பக்கம் நின்னு தெருவில் போற பாட்டுக்காரங்களைக் கூப்பிட்டதுக்கெல்லாம் சேர்த்து, முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட பொண்ணு. ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கின புதுப் பள்ளிக்குப் போனா, தலைமை ஆசிரியர் கோபயாஷி முதல் நாளே அவ பேசறதை நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்கறார். இதுக்கு என்ன நீதி எழுதுவீங்க?

இரா. நடராசனோட ‘ஆயிஷா’ ஒரு சின்னக் கதை, ஒரே மூச்சுல படிச்சுடலாம். கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கிற ஒரு மாணவி, அடிக்கிற ஒரு பள்ளிக்கூடம், குற்றவுணர்வோட எழுதற ஒரு ஆசிரியை. கொஞ்சம் பெரிய பிள்ளைங்களுக்கான கதை. சொல்லப்போனா டீச்சர்களும் பெற்றோரும் முதல்ல படிக்க வேண்டியது. யெஸ். பாலபாரதியோட ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020ல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கின நாவல். குழந்தைகளுக்கு நடக்கிற பாலியல் தொல்லையைப் பத்தி, பேசற மரப்பாச்சி பொம்மை வழியா சொல்லுது. ‘அந்நியர்களிடம் ஜாக்கிரதை’ என்று ஒரு நீதி வரியால இதைச் சொல்லியிருந்தா, வீட்டுக்குள்ளேயும் தெரிஞ்சவங்ககிட்டயும் இருக்கிற ஆபத்து சொல்லப்படாமலே போயிருக்கும். பிள்ளைக்குத் தேவை, யாராவது கேட்பாங்க என்ற நம்பிக்கை. அதைக் கதைதான் கொடுக்க முடியும்.

காசு ஒரு தடை என்றால், பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கின ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதைகள் இலவசமா இருக்கு, படிக்கிற திறனுக்கேத்த நிலைகளாப் பிரிச்சு. அரசுப் பள்ளிகள்ல வாசிப்பு இயக்கத்துக்காக வந்த குட்டிப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலையா வெச்சிருக்காங்க. பேரைக் கேட்டாலே படிக்கத் தோணுது. அப்புறம் நம்ம ஏரியா கிளை நூலகம். 1948ல் வந்த பொது நூலகச் சட்டத்தால, நம்ம வீட்டுச் சொத்து வரியோட சேர்த்து நூலக வரியும் போகுது. ஆக, காசு ஏற்கெனவே கொடுத்தாச்சு. போய்ப் புத்தகம் எடுக்கிறதுதான் பாக்கி.

அடுத்த கேம்புக்கு ஒரு யோசனை

கடைசியா, நம்ம காலேஜுக்கு ஒரு நேரடியான கோரிக்கை. ஒவ்வொரு என்.எஸ்.எஸ். கேம்ப்லயும் ஏதாவது ஒரு பள்ளிச் சுவருக்கு பெயின்ட் அடிச்சு பொன்மொழி எழுதிட்டு வர்றோம். சுவர் அழகா இருக்கும், சந்தோஷம். இந்த முறை பெயின்ட் பட்ஜெட்ல கொஞ்சம் எடுத்து, பத்து கதைப் புத்தகம் வாங்குவோம். பிள்ளைங்களைச் சின்னச் சின்ன வட்டமா உட்கார வெச்சு, வட்டத்துக்கு ஒருத்தர் சத்தமாப் படிப்போம். படிக்கிறவங்களுக்கு மூணே நிபந்தனை.

முதலாவது, கதைக்குக் கீழே நீதி இருந்தா அதைப் படிக்காதீங்க. பிள்ளைங்க “நீதி என்னண்ணா?” என்று கேட்டாலும் சொல்லாதீங்க.

ரெண்டாவது, வேதாளம் மாதிரி ஒரே ஒரு கேள்வி கேளுங்க. உங்களுக்கே உறுதியா பதில் தெரியாத கேள்வியா இருக்கணும். தெரிஞ்ச பதிலைக் கேட்டா அது பரீட்சை.

மூணாவதுதான் கஷ்டம். கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க. குழந்தை கதையை விட்டுட்டு தன் வீட்டு ஆட்டைப் பத்தியும், தாத்தாவைப் பத்தியும் பேச ஆரம்பிக்கும். நடுவுல திருத்தாதீங்க. கோபயாஷி மாதிரி நாலு மணி நேரம் வேணாம், நாலு நிமிஷம் போதும். ஃபோனை பையில போட்டுட்டுக் கேளுங்க.

திரும்பி வர்றப்போ புத்தகங்களை அந்தப் பள்ளியிலேயே விட்டுட்டு வந்துடலாம், பூட்டின பீரோவுக்குள்ள போகாதபடி, பிள்ளைங்க கைக்கு எட்டற இடத்துல. அவங்க கேட்ட கேள்விகளை மட்டும் குறிச்சு எடுத்துக்கிட்டு வாங்க. அடுத்த இதழ்ல ரெண்டு பக்கம் அதுக்காக ஒதுக்கச் சொல்லி எடிட்டர் குழுகிட்ட நான் இப்பவே கேட்டு வெச்சிருக்கேன். பதில்கள் அச்சடிக்க மாட்டோம்.